கயிறு இடக்கைப் பக்கம்

பால் பாத்திரத்தை மூடியிருந்த அட்டையை எடுக்கும்போதுதான் வேணி அதைப் பார்த்தாள். நாலாவது படத்தில் அப்பாவின் கடிகாரம் வலது கையில் இருந்தது.

முதலில் அது பெரிதாகத் தோன்றவில்லை. அட்டையின் ஈரத்தைத் துணியால் துடைத்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள். சட்டைப் பையும் வலது பக்கம் இருந்தது. அப்பா இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். தூங்கும்போதுகூட இடது கைக் கடிகாரத்தைக் கழற்ற மாட்டார். வலது பக்கம் பை வைத்துத் தைக்கிற தையல்காரரும் திண்டிவனத்தில் யாரும் இல்லை.

அப்படியென்றால் படம் திரும்பியிருக்கிறது. படம் திரும்பியிருந்தால் கயிறும் திரும்பியிருக்கிறது.

அடுப்பை அணைத்தாள். மணி ஏழு ஐம்பது.

அப்பா துரைக்கண்ணு சுபேதாராக ஓய்வு பெற்றவர். கண்ணிவெடி எடுப்பதுதான் ராணுவத்தில் அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஒரு கம்பெனி அவரை ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டுக்கு அனுப்பியது. அங்கே உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து ஆறு வருஷமாகியும் வயல்களில் வெடி கிடந்தது. அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு அப்பா நேராகப் பாடம் எடுப்பதில்லை. சிப்பாய்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு அவர் பாடம் எடுத்தார். "நான் வாத்தியாருக்கு வாத்தியாரு" என்று போனில் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சிரிப்பு வரும்.

அங்கே இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் பாதை போட கயிறும் போதாது, நேரமும் போதாது. அதனால் அப்பா ஒற்றைக் கயிற்று முறையைச் சொல்லிக்கொடுத்தார். முன்னால் போகிறவர் வெடி கண்டறியும் கருவியால் தரையைத் தடவிக்கொண்டே கயிறு விடுவார். கயிற்றுக்கு வலது பக்கம் ஒரு மீட்டர் அகலம் மட்டும் சுத்தம். பின்னால் வருகிறவர்கள் கயிற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தடவிய தரையும் தடவாத தரையும் பார்வைக்கு ஒன்றுதான். எந்தப் பக்கம் நடப்பது என்று சொல்வது கயிறு மட்டும்தான்.

அந்த ராணுவத்தில் மூன்று பாஷை. அப்பாவின் ஆங்கிலமோ பட்டாளத்து ஆங்கிலம். அதனால் பாடம் முழுவதையும் ஆறு படங்களாக ஒரு அட்டையில் போடலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. மூன்று மாதம் முன்னால் லீவில் வந்தபோது மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, கயிறு போட்டு நடந்து காட்டினார். அம்மா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வேணி போனில் படம் எடுத்தாள். கயிறு எந்தப் பக்கம் என்று காட்டியது நாலாவது படம் மட்டும்தான். எழுத்தே வேண்டாம், எண் மட்டும் போதும் என்றார் அப்பா. வேணி பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அட்டை அடிக்கும் பொறுப்பை அவளிடம்தான் கொடுத்தார்.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ரஞ்சித்தின் ஃப்ளெக்ஸ் கடை. அன்றைக்குக் கடையில் காதுகுத்துப் பேனருக்கு ஐந்தாறு ஆண்கள் காத்திருந்தார்கள். வேணி எண்களைப் பெரிதாக்கச் சொன்னாள். பிறகு நிறத்தை மாற்றச் சொன்னாள். "டீச்சரம்மா பரிச்சை பேப்பர் திருத்துறாங்கப்பா, இன்னைக்கு நமக்கு பேனர் கெடைக்காது" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். ரஞ்சித் கடைசியாக அட்டையைத் திரையில் முழுதாகக் காட்டியபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. என்ன என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"போதும்ணா" என்று சொல்லிவிட்டாள்.

அறுபது அட்டைகள் அப்பாவுடன் விமானம் ஏறின. கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் அட்டைகளை ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து, சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். படத்தில் தன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, ஒன்றைத் தனக்கென்று உடனே பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சமான ஒன்று சமையலறையில் மூடியாகத் தங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டிருந்தார். முகாமில் சிக்னல் கிடையாது. ஞாயிறு மட்டும் ஒரு குன்றின் மேல் ஏறிப் பேசுவார்.

"வியாழக்கெழமை காலைல நெஜ வயல்ல எறங்கறோம் பாப்பா. முன்னால கயிறு வுடறது நானு. பின்னால ரெண்டாவது கேம்ப் பசங்க ஆறு பேரு. அவங்க என்னைப் பார்த்ததே இல்ல. நான் சொல்லிக்குடுத்தவங்க அவங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க, உன் அட்டைய வெச்சி. அவங்க ஒழுங்கா நடந்து வந்துட்டா நான் ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம்."

"எத்தினி மணிக்குப்பா?"

"நான் ஆறுக்கே உள்ள போய்டுவேன். அவங்க எட்டு மணிக்குக் காலு வெப்பாங்க. நம்மூர்ல பத்தரை."

இன்றைக்கு வியாழக்கிழமை.

வேணி அட்டையை மேடையில் வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தாள். எல்லோரும் தப்பாகவே கற்றிருந்தால் ஆபத்தில்லை. கயிறு விடுகிறவரும் வலக்கை, வருகிறவரும் வலக்கை என்றால் கணக்குச் சரியாகிவிடும். நம் ஊரில் இடது பக்கம் வண்டி ஓட்டுகிறோம், வேறு ஊரில் வலது பக்கம், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு முன்னால் போவது அப்பா. அவர் கை இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் போகும். பின்னால் வரும் ஆறு பேரும் அட்டையில் பார்த்தபடி கயிற்றுக்கு அந்தப் பக்கம், தடவாத தரையில் காலை வைப்பார்கள்.

அப்பாவைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் கூப்பிட்டாள்.

"இன்னாடி, பால அப்பிடியே வெச்சிட்டு நிக்கிற?" என்று அம்மா பூமாலை உள்ளே வந்தாள்.

வேணி சொன்னாள். அம்மாவுக்குப் பாதி புரியும்போதே முகம் மாறிவிட்டது. கயிற்றின் முனையைப் பிடித்தவள் அல்லவா. இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு அட்டையைப் பார்த்தாள்.

"விழுப்புரத்துல அந்த ஆபீசுக்குப் போன் போடு."

கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் விழுப்புரத்தில் இருந்தது. அதை நடத்துபவர் மணிமாறன், அவரும் பழைய பட்டாளத்துக்காரர். நாலு முறை மணி அடித்தும் எடுக்கவில்லை. வேணி அட்டையைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, 'அவசரம் சார்' என்று எழுதினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. இரண்டு கும்பிடு கையும் ஒரு ரோஜாப் பூவும். காலை வணக்கப் படம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உடனே கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"நீ போ" என்றாள் அம்மா. "நேரா போய் நில்லு. நான் அப்பாவுக்குப் போட்டுக்கினே இருக்கேன்."

வேணி முதலில் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினாள். தான் நினைப்பது உண்மையா என்று தெரிய வேண்டியிருந்தது. கடை அப்போதுதான் திறந்திருந்தது. ரஞ்சித் ஷட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு இயந்திரத்தின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இந்த நாலாவது படத்த நீங்க திருப்பினீங்களா?"

ரஞ்சித் பார்த்தான். "ஆமா. ஃப்ளிப் பண்ணேன். ஓரத்துல இருக்கற ஆளு வெளிய பார்த்தா நல்லாவா இருக்கும்? மொகம் உள்ள பார்க்கணும். கல்யாண பேனர்லேர்ந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அப்பிடித்தான் செய்றோம். எவனும் சொல்லவே தேவையில்ல, கை தானாப் போய்டும். ஏன், நல்லா இல்லியா?"

அவள் சொல்லச் சொல்ல அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.  ஷட்டரை இறக்கினான்.

"பஸ்ஸ நம்பாத. இன்னைக்கு அமாவாச, பாதி பஸ்ஸு மலையனூர் கோயிலுக்கு ஓடிக்கினு இருக்கும். வண்டில ஏறு."

வேறொரு நாளாக இருந்தால் ஊர் பார்க்க ஒரு ஆணின் வண்டியில் வேணி ஏறியிருக்க மாட்டாள். இன்றைக்கு ஏறினாள். மணி எட்டு நாற்பது.

நெடுஞ்சாலையில் காற்று காதை அடைத்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரஞ்சித் இரண்டு முறை ஏதோ கேட்டான், அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது முறை கத்தினான்.

"உங்கப்பாக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? அவரு சரியான பக்கந்தானே இருப்பாரு?"

"அவருக்கு ஆவாது!"

அவளும் கத்தியே சொன்னாள். சொன்ன பிறகு அது எவ்வளவு கேவலமான ஆறுதல் என்று தோன்றியது. பின்னால் ஆறு பேர். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு சமையலறை இருக்கும்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் அரை கிலோமீட்டருக்கு நின்றன. வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து, மூட்டைகள் பைக் போகும் ஓரப் பாதையையும் அடைத்திருந்தன. ரஞ்சித் இறங்கி வண்டியைத் தள்ளினான். வேணி முன்னால் நடந்து, "அண்ணா கொஞ்சம் வழி வுடுங்க, அண்ணா கொஞ்சம்" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டுக்கொண்டே போனாள். முதல் இரண்டு பேருக்கு அவள் குரலே கேட்கவில்லை. மூன்றாவது லாரியின் கதவை உள்ளங்கையால் அடித்தாள். அதைத் தாண்டி வர இருபது நிமிஷம் போனது.

ஆபீஸ் கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. பூட்டியிருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து மணிக்கு வந்துவிடுவார் என்றார் ஜெராக்ஸ்காரர். பத்து ஐந்துக்கு மணிமாறன் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் டிபன் கேரியர்.

"சுபேதார் பொண்ணுதானே நீ? வாம்மா. காலைல நீ அனுப்பின படம் பார்த்தேன். அப்பா கம்பீரமா இருக்காரு."

மாடிப்படியிலேயே வேணி பேச ஆரம்பித்தாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. ரஞ்சித் நடுவில் புகுந்து, "தப்பு என்னுதுதான் சார்" என்றான். மணிமாறன் கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"பயப்படாதம்மா. உங்கப்பா பார்க்காத வெடியா? தப்பிருந்தா அவரு கண்டுபிடிச்சிருக்க மாட்டாரா?"

"அவரு முன்னால போறாரு சார். திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சட்டம். அவருதான் அந்தச் சட்டத்தப் போட்டவரு."

"அங்க இருக்கற வாத்தியாருங்க? அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல சார். ஆனா அட்டை அங்க போயி மூணு மாசமாச்சு. யாருமே இது தப்புன்னு சொல்லல."

மணிமாறன் விரலால் மேசையைத் தட்டினார். "பாரு, இன்னைக்கு அங்க அவங்க தளபதியே வந்து ஒக்காந்திருக்காரு. நான் ஆளு அனுப்பறவன். பரேடை நிறுத்துன்னு நான் எப்பிடிம்மா சொல்றது? சொல்லி, ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா நம்ம ஆளுங்க மொத்தப் பேரையும் அவரு ஊருக்கு அனுப்பிடுவாரு. அதுல உங்கப்பாவும் ஒருத்தரு."

மணி பத்து பதினான்கு.

 அழுதால் அவர் தண்ணீர் கொடுப்பார், ஆறுதல் சொல்வார், நேரம் போய்விடும். வேணி அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க வாட்ச் எந்தக் கையில சார்?"

அவர் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார்.

"இதுல?"

மணிமாறன் குனிந்தார்.  ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். நாலாவதில் விரல் நின்றது. அவரும் ஒரு காலத்தில் கயிற்றைப் பிடித்து நடந்தவர்தான்.

"அய்யோ" என்றார். உடனே போனை எடுத்தார்.

அந்த நாட்டுத் தலைநகரில் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை இருந்தது. அங்கிருந்துதான் முகாமுக்கு ரேடியோ. முதல் எண் பிஸி. இரண்டாவது எண்ணில் யாரோ எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தார்கள். பத்து இருபத்தெட்டுக்கு சார்ஜென்ட் ஆபேல் என்பவர் பேசினார். அப்பாவிடம் முதலில் படித்த பன்னிரண்டு வாத்தியார்களில் ஒருவர். மணிமாறனின் ஆங்கிலம் படபடப்பில் ஹிந்தியாகவும் தமிழாகவும் மாறிக்கொண்டிருந்தது. வேணி போனை வாங்கினாள்.

கல்லூரியில் மூன்று வருஷமும் அவள் செமினாரில் ஆங்கிலத்தில் பேசாமல் தப்பித்தவள். இப்போது இலக்கணம் பார்க்காமல் பேசினாள். நான் துரை சாரின் மகள். அட்டையில் படம் தப்பு. கயிறு இடது கை. என் அப்பா இடது கைப்படிதான் கயிறு விடுகிறார். அவர்களை நிறுத்துங்கள்.



"புது அட்டையில் வலது கை என்று இருந்ததே" என்றார் ஆபேல். "சார் இந்தியா போய்வந்து முறையை மாற்றிவிட்டார் என்று நினைத்தோம். அச்சடித்து வந்திருக்கிறது, சாரின் கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் பழைய பழக்கத்தைத்தான் நாங்கள் திருத்திக்கொண்டோம்."

"மாற்றவில்லை. அவர் எதையும் மாற்றவில்லை."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஆபேல் ஓடும் சத்தம். ரேடியோவில் இரைச்சல், அவருடைய பாஷையில் கத்தல், மறுபடியும் இரைச்சல். மணிமாறன் எழுந்து நின்றுவிட்டார். சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. பத்து முப்பத்தைந்தைத் தாண்டியது. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பத்து நாற்பத்தொன்றுக்கு ஆபேல் போனை எடுத்தார். மூச்சு வாங்கியது.

"நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரும் நிற்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் தப்பான பக்கத்தில், நாற்பது ஐம்பது அடி உள்ளே நிற்கிறார்கள். யாரும் அசையக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார்."

ரஞ்சித், "அப்ப வந்த காலடியிலயே திரும்பி நடந்து வந்துடலாமே சார்?" என்றான்.

மணிமாறன் தலையை ஆட்டினார். "முட்டி ஒசரம் புல்லுப்பா. காலடி எங்க தெரியும்? இனிமே சுபேதார் கயித்துலேர்ந்து தரையைத் தடவிக்கினே ஒவ்வொருத்தன்கிட்டயும் போவணும். அங்க இருக்கறது ஒரே கருவி. அது அவரு கையில."

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போனது. ஆபேல் போனை வைக்கவில்லை. ரேடியோவில் வருவதை அப்படியே சொன்னார். பதினொன்று பத்துக்கு ஒருவன் வெளியே வந்தான். பதினொன்று நாற்பதுக்கு இரண்டாவது ஆள். ஒவ்வொருவனையும் அப்பா தன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் காலடியிலேயே காலை வைத்து வரச் செய்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் விட்டதும் மறுபடியும் போனார். மூன்றாவது ஆள் வெளியே வந்தபோது மணிமாறன் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டிபன் கேரியர் திறக்கப்படாமல் இருந்தது. அம்மா பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வேணியின் போனுக்குக் கூப்பிட்டாள், ரஞ்சித்தான் எடுத்துப் பேசினான்.

"எத்தினி பேரு?"

"மூணு பேரு, அக்கா."

"சரி" என்று உடனே வைத்துவிடுவாள்.

நாலு. ஐந்து. மணி ஒன்று பத்து. அங்கே வெயில் ஏறியிருக்கும். கடைசி ஆளின் பெயர் சாமுவேல். கயிற்றிலிருந்து அதிகம் விலகி நின்றவன் அவன்தான். அதனால்தான் அப்பா அவனைக் கடைசியில் வைத்திருந்தார். முதுகில் மூட்டையோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"சார் அவனிடம் பேசிக்கொண்டே போகிறார்" என்றார் ஆபேல். "தமிழில் பேசுகிறாராம். எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். இன்னும் நாலு மீட்டர்."

பிறகு, "இன்னும் மூன்று மீட்டர்."

பிறகு ஆபேல் பேசவில்லை.

சத்தம் விழுப்புரத்துக்குக் கேட்கவில்லை. ரேடியோவின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குள் பல பேர் ஒரே நேரத்தில் கத்துவது கேட்டது. வேணி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆபேல், ஆபேல் என்று கூப்பிட்டாள். அப்பா என்றும் கூப்பிட்டாள். ரஞ்சித் சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அம்மா கூப்பிட்டு, வேணியின் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அது நின்று மறுபடியும் அடித்தது.

"அவன் மயங்கி விழுந்துவிட்டான்" என்றார் ஆபேல் கடைசியாக. "பக்கவாட்டில் விழுந்தான், அங்கே வெடி வெடித்துவிட்டது. சார் நிற்கிறார். சார் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்."

"உயிரோடா?"

"தூக்கிக்கொண்டு வருகிறார்" என்றார் மறுபடியும்.

அப்பா மூன்று மணிக்குக் கூப்பிட்டார். தளபதியின் சாட்டிலைட் போன். அவர் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"பாப்பா."

"அப்பா, உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மண்ணு தெறிச்சிது, அவ்ளோதான். அவனுக்கு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. வலது காலு. உசுரு இருக்குது." பிறகு, "நீதான் வாட்ச்சப் பார்த்தியாமே, ஆபேல் சொன்னான்."

"ஆமாம்பா."

"நான் பார்க்கல. மூணு மாசமா பைல வெச்சிக்கினு சுத்தறேன். என் மூஞ்சிய நானே இன்னா பார்க்கறதுன்னு விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டவன் நானு."

வேணி அதை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். பழியை எடுத்துக்கொள்ள இரண்டு பேர் தயாராக இருந்தார்கள், அப்பாவும் ரஞ்சித்தும்.

"அப்பா, அன்னைக்குக் கடையிலயே எனக்கு என்னவோ போல இருந்துச்சு. கேக்கல."

"ஏன் கேக்கல?"

"ஆளுங்க நின்னுக்கினு இருந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு வாட்டி மாத்தச் சொல்லிட்டேன். சிரிச்சாங்க."

அப்பா திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"அவனுக்கு இருவத்தாறு வயசு" என்றார். "பொண்டாட்டி மாசமா இருக்காளாம். உன்கிட்டச் சொல்லாம மறைக்க என்னால முடியல பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"அழுவாத, இப்ப கேளு. அறுவது அட்டைய ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எங்கெங்க அனுப்பியிருக்காங்கன்னு இவங்களுக்கே தெரியல. வாத்தியாருக்கு வாத்தியாருன்னு பெருமையா சொன்னேனே, தப்பும் அப்பிடித்தான் போயிருக்குது. தெக்குக் கேம்ப்ல திங்கக்கெழமை எறங்கறாங்க. வடக்க எப்பன்னு தெரியல. சரியான அட்டைய இன்னைக்கே அனுப்பு. பழசு செல்லாதுன்னு படத்துலயே காட்டு. எழுத்த நம்பாத."

"சரிப்பா."

"அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு."

ஐந்து மணிக்கு இருவரும் திண்டிவனம் திரும்பினார்கள்.  கடை வாசலில் இரண்டு பேர் முதலாம் ஆண்டு நினைவு பேனருக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னாப்பா ரஞ்சித்து, காலைலேர்ந்து கடையப் பூட்டிட்டு எங்க ஊர் சுத்தற?"

"இருங்கண்ணா" என்றான். 

வேணி ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பழைய கோப்பைத் திறந்தார்கள். நாலாவது படத்தை அவன் திருப்பினான். அப்பா இப்போது அட்டையின் ஓரத்தில் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய அட்டையின் சின்னப் படத்தைக் கீழே வைத்து அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார்கள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவர், "தம்பி, அந்த ஆளு வெளிய பார்த்துக்கினு இருக்காரே, செட்டாவலையே. உள்ள திருப்பி வுடு" என்றார்.

ரஞ்சித்தின் கை மவுஸின் மேல் உறைந்து நின்றது.

வேணி திரும்பி அவரைப் பார்த்தாள்.  மறுபடியும் திரையைப் பார்த்தாள். முதல் படம். கடிகாரம் இடது கை, பை இடது பக்கம். இரண்டாவது படம். மூன்றாவது. நாலாவதில் கடிகாரம், பை, கயிறு. தன் இடது கையைத் தூக்கி, படத்தில் அப்பா நிற்பதுபோலவே எழுந்து நின்று பார்த்தாள். கடையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். உட்கார்ந்து ஐந்தாவது, ஆறாவது படங்களைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முதல் படத்திலிருந்து தொடங்கினாள்.

"போதுமா?" என்று ரஞ்சித் மெல்லக் கேட்டான்.

அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. இன்னும் ஒரு முறை என்று விரலால் காட்டிவிட்டு, கயிறு எந்தப் பக்கம் என்று பார்க்கக் குனிந்தாள்.